5 கிலோமீட்டரில் உங்கள் சிறந்த நேரத்தை முறியடிக்க: நான்காவது கிலோமீட்டரை மையமாக வைத்த எட்டு வாரப் பயிற்சி

5 கிலோமீட்டர் ஓட்டத்தில் நேரம் கைநழுவிப் போகும் இடம் ஒன்று உண்டு. மூன்றாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் அது தொடங்குகிறது. நான்காவது பலகை வரை நீடிக்கிறது. புறப்பாட்டின் உற்சாகம் அங்கே வற்றிப்போயிருக்கும், முடிவுக்கோடு இன்னும் கண்ணில் பட்டிருக்காது. தொழில்முறை அல்லாத ஓட்டக்காரர்களில் மிகப் பலர் தங்கள் சிறந்த நேரத்தை இழப்பது இந்த ஆயிரம் மீட்டரில்தான். கடைசி 200 மீட்டர் பாய்ச்சலில் மீட்பதெல்லாம் மூன்று நான்கு வினாடிகள். நான்காவது கிலோமீட்டரில் கோட்டைவிடுவது இருபது வினாடிக்கும் மேல். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த ஒரு கிலோமீட்டரை மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு நாட்கள் ஓடுபவர், 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடிக்கக்கூடியவர், காயம் ஏதும் இல்லாதவர் இதைப் பின்பற்றலாம். இதய நோய், நெஞ்சு வலி, அடிக்கடி தலைசுற்றல் போன்றவை இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே கடுமையான பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பழைய ஓட்டத்தைக் கூறு போட்டுப் பாருங்கள்

கடைசியாக முழு முயற்சியுடன் ஓடிய 5 கிலோமீட்டரின் ஒவ்வொரு கிலோமீட்டர் நேரத்தையும் எடுத்து வரிசையாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 26 நிமிடம் 10 வினாடியில் முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கணக்கு இப்படி இருக்கிறது: 4:50, 5:05, 5:20, 5:35, 5:20.

அவருடைய சராசரி, கிலோமீட்டருக்கு 5:14. முதல் கிலோமீட்டரைச் சராசரியைவிட 24 வினாடி வேகமாக ஓடியிருக்கிறார். நான்காவதில் 21 வினாடி பின்தங்கியிருக்கிறார். இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் பார்க்கக் கூடாது. முதலாவது கடன், இரண்டாவது அதற்கான வட்டி.

உடலுக்குள் நடப்பது இதுதான். 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஆக்சிஜனைக் கொண்டே உருவாகிறது. ஆனால் ஓடத் தொடங்கியதும் இதயமும் நுரையீரலும் உடனே முழு வீச்சுக்கு வந்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு நிமிடங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியை ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் தரும் வழி நிரப்புகிறது. அதன் கையிருப்பு குறைவு. அளவுக்கு மீறிய வேகத்தில் புறப்பட்டால் அந்தக் கையிருப்பின் பெரும்பகுதி முதல் ஐந்து நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். தசைகளில் அமிலத்தன்மை ஏறும். கொடுமை என்னவென்றால், செலவு நடக்கும்போது ஒன்றும் தெரியாது. முதல் கிலோமீட்டர் சுகமாகவே இருக்கும். கணக்கு தீர்க்கும் நேரம் மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகுதான் வரும்.

உலகச் சாதனைகளும் இதையே காட்டுகின்றன. உகாண்டாவின் ஜோஷுவா செப்டேகெய் 2020 ஆகஸ்ட் 14 அன்று மொனாக்கோவில் 5,000 மீட்டரை 12:35.36 நேரத்தில் ஓடினார். தடத்தின் ஓரத்தில் சீரான வேகத்தில் நகர்ந்த விளக்குகளை ஒட்டியே அவர் ஓடினார். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 2:31. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே பின்லாந்தின் பாவோ நூர்மி கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் தங்கப் பதக்கங்கள் இரண்டையும் ஒரே நாளில் வென்றவர் அவர். அவருக்கும் பக்கத்தில் ஓடுபவரைவிடக் கடிகாரமே முக்கியமாக இருந்தது.

இலக்கை எழுதுங்கள்

எட்டு வாரத்தில் ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஒருவர் தன் நேரத்தில் இரண்டு முதல் மூன்று சதவீதம் குறைக்க நினைப்பது நியாயமான ஆசை. 26:10 ஓடியவருக்கு 25:30 என்று வைத்துக்கொள்ளலாம். 25 நிமிடத்தை உடைக்க வேண்டும் என்ற ஆவல் எனக்குப் புரிகிறது. முழு எண்களுக்கு அப்படியொரு கவர்ச்சி உண்டு. ஆனால் அதற்குக் கிலோமீட்டருக்கு 14 வினாடி குறைய வேண்டும். அதை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

25:30 என்றால் கிலோமீட்டருக்கு 5:06. 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 2 வினாடி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: புதிய இலக்குக்கான முதல் கிலோமீட்டர், பழைய ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரைவிட 16 வினாடி மெதுவானது. இதை ஏற்றுக்கொள்ள மனம் பழக வேண்டும். எட்டு வாரங்களில் பாதி வேலை இந்தப் பழக்கம்தான்.

மற்ற இலக்குகளுக்கும் இதே கணக்குதான். 30 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6:00, சுற்றுக்கு 2:24. 22:30 என்றால் 4:30, சுற்றுக்கு 1:48. 20 நிமிடம் என்றால் 4:00, சுற்றுக்கு 1:36. தடத்தில் பயிற்சி செய்யும்போது முதல் பாதையிலேயே ஓடுங்கள்; இரண்டாவது பாதையில் ஒரு சுற்று ஏறத்தாழ 7 மீட்டர் கூடுதல், நேரக் கணக்கு பிசகிவிடும்.

மெதுவாக ஓடுங்கள், உண்மையிலேயே மெதுவாக

வாரத்தில் ஓடும் மொத்தத் தொலைவில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவோட்டமாக இருக்க வேண்டும். முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் அது. நம் எடுத்துக்காட்டு ஓட்டக்காரருக்குக் கிலோமீட்டருக்கு 6:20 முதல் 7:00 வரை. இந்த வேகத்தில்தான் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதில் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்றால், 800 மீட்டர் ஓட்டத்தில் 1960, 1964 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லைக்கூட 35 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டங்களுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான போட்டிக்கே அந்த அடித்தளம் தேவைப்பட்டது என்றால், இருபத்தைந்து நிமிட ஓட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மிகப் பலர் தங்கள் மெதுவோட்டத்தை நடுத்தர வேகத்தில் ஓடிவிடுகிறார்கள். களைப்பு சேர்கிறது, ஆனால் விரைவுப் பயிற்சி நாளில் கால் எழுவதில்லை. எட்டு வாரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், மெதுவோட்டத்தை மெதுவாக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வார அமைப்பு எளிது. செவ்வாய் விரைவுப் பயிற்சி, வியாழன் 6 கிலோமீட்டர் மெதுவோட்டம், சனி தாக்குப்பிடிக்கும் வேகத்தில் (அது என்ன வேகம் என்பதைக் கீழே சொல்கிறேன்) ஓட்டம், ஞாயிறு 10 முதல் 12 கிலோமீட்டர் நீண்ட மெதுவோட்டம். கிழமைகளை வசதிப்படி மாற்றலாம். இரண்டு கடினமான நாட்களுக்கு இடையே குறைந்தது 48 மணி நேரம் இருந்தால் போதும். நான்காவது வாரம் எல்லாவற்றையும் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். உடல் தேறுவது ஓய்வில்தான்.

எட்டு வாரப் பயிற்சிகள்

முதல் இரண்டு வாரம் கால்களுக்கு வேகத்தை நினைவூட்டும் காலம். வியாழன் மெதுவோட்டத்தின் முடிவில் 80 மீட்டர் தொலைவுக்கு ஆறு விரைவோட்டங்கள் ஓடுங்கள். மூச்சிரைக்கும் பாய்ச்சலாக வேண்டாம், படிப்படியாக வேகம் கூட்டி, தளர்வாக முடியுங்கள். செவ்வாய் அன்று சற்றே செங்குத்தான ஏற்றத்தில் 8 முதல் 10 வினாடி வரை ஆறு முறை ஏறி ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்தே இறங்கி வாருங்கள். ஏற்றத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி குறைவு, தசைக்கு வேலை அதிகம். இந்த இரண்டு வாரமும் சனிக்கிழமை 5 கிலோமீட்டர் மெதுவோட்டம் போதும்.

மூன்று, நான்காவது வாரங்களில் செவ்வாய்ப் பயிற்சி, 400 மீட்டர் எட்டு முறை. ஒவ்வொன்றும் 2:02. இடையில் 90 வினாடி மெல்ல நடை அல்லது மெதுவோட்டம். முதல் மூன்று சுற்றுகளும் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிதாக இருக்கும். 1:52 ஓடினால் என்ன என்று தோன்றும். ஓடாதீர்கள். இந்தப் பயிற்சியின் நோக்கம் இலக்கு வேகத்தைக் கடிகாரம் பார்க்காமலேயே கால்கள் அறிவது. ஆறாவது சுற்றுக்குள் ஒரு வினாடி முன்பின்னாக முடிக்க வந்துவிட்டால் வேலை நடக்கிறது என்று பொருள்.

சனிக்கிழமைகளில் தாக்குப்பிடிக்கும் வேகம் வருகிறது. முழு முயற்சியுடன் ஒரு மணி நேரம் மட்டுமே நீடிக்கக்கூடிய வேகம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நம் ஓட்டக்காரருக்குக் கிலோமீட்டருக்கு 5:30 முதல் 5:35. மூன்று நான்கு சொற்களுக்கு மேல் பேச முடியாது. ஆனாலும் மூச்சு கட்டுக்குள் இருக்கும். 8 நிமிடம் மூன்று முறை, இடையில் 2 நிமிட மெதுவோட்டம். தசைகளில் உருவாகும் லாக்டேட்டை உடல் எவ்வளவு விரைவாக எரிபொருளாக்கிக்கொள்கிறது என்பதை இந்த வேகம் உயர்த்துகிறது. நான்காவது கிலோமீட்டர் தாங்குமா தாங்காதா என்பதில் இதன் பங்கு பெரிது.

ஐந்து, ஆறாவது வாரங்களில் தொலைவு நீள்கிறது. ஐந்தாவது வாரம் 800 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 4:05, இடையில் 2 நிமிடம். ஆறாவது வாரம் 1,000 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றும் 5:06, இடையில் இரண்டரை நிமிடம். சனிக்கிழமை ஓட்டத்தை 10 நிமிடம் இரண்டு முறையாக மாற்றுங்கள். நான்காவது ஆயிரம் மீட்டரை முதல் ஆயிரத்தின் அதே நேரத்தில் முடித்துவிட்டால் இலக்கு சரியானது. ஐந்து வினாடிக்கு மேல் சரிந்தால், இலக்கை 25:45 என்று மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. அதுவும் பழைய நேரத்தைவிட 25 வினாடி குறைவுதான்.

ஏழாவது வாரம் வருவதுதான் முக்கியமான பயிற்சி. போட்டிக்குப் பத்து நாட்களுக்கு முன்பாக அமையுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கடும் பயிற்சியின் பலன் உடலில் தெரிய ஏறத்தாழ அவ்வளவு நாள் ஆகும். 12 நிமிடம் தாக்குப்பிடிக்கும் வேகத்தில் ஓடுங்கள். 2 நிமிடம் மட்டும் நடங்கள். பிறகு 400 மீட்டர் நான்கு முறை, 2:02 வேகத்தில், இடையில் வெறும் 45 வினாடி ஓய்வு. களைத்த கால்களோடு இலக்கு வேகத்தில் ஓடுவது எப்படி இருக்கும் என்பதை உடலுக்குக் காட்டும் பயிற்சி இது.

மூன்றாவது 400-இல் உங்களை நீங்களே உற்றுக் கவனியுங்கள். இரண்டாவது வளைவுக்குள் நுழையும்போது தோள்கள் காதை நோக்கி மெல்ல ஏறியிருக்கும். விரல்கள் முஷ்டியாக இறுகியிருக்கும். காலடியின் விரைவு குறைந்து, அதை ஈடுகட்ட முன்னால் எட்டி எட்டி வைக்கத் தொடங்கியிருப்பீர்கள். குதிகால் உடலுக்கு வெகு முன்னே தரையில் விழுந்து ஒவ்வோர் அடியும் தடையாக மாறும். அந்த நொடியில் செய்ய வேண்டியவை மூன்று: கைகளை ஒரு முறை தளர விட்டு உதறுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், அடியின் நீளத்தைச் சற்றே குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வேகம் தானாகத் திரும்புவதைக் கடிகாரத்திலேயே பார்க்கலாம். போட்டியின் நான்காவது கிலோமீட்டரில் இதே மூன்று செயல்கள்தான் உங்களைக் காப்பாற்றப் போகின்றன. ஆகவே பயிற்சியில் அவை கைவந்திருக்க வேண்டும்.

தசை வலுவுக்கு வாரத்தில் இரண்டு நாள் பதினைந்து நிமிடம் போதும். ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது பன்னிரண்டு, ஒற்றைக்கால் உட்கார்ந்து எழுதல் எட்டு, இடுப்பை உயர்த்தும் பயிற்சி பன்னிரண்டு. எல்லாவற்றையும் இரண்டு சுற்று. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது. அது வலுவாக இருந்தால் கடைசிக் கிலோமீட்டரிலும் அடி துள்ளும். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் கூர்மையான வலி, ஓட ஓட அதிகரிக்கும் வலி, நடையை மாற்றச் செய்யும் வலி இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கடைசி வாரம்

எட்டாவது வாரம் மொத்தத் தொலைவைப் பாதியாகக் குறையுங்கள். வேகத்தை மட்டும் குறைக்காதீர்கள். போட்டிக்கு நான்கு நாட்களுக்கு முன் 400 மீட்டர் ஐந்து முறை இலக்கு வேகத்தில், இடையில் தாராளமாக 2 நிமிட ஓய்வு. அத்துடன் கடினமான வேலை முடிந்தது. இந்த வாரத்தில் கால்கள் கனமாக இருப்பதாகவும், இல்லாத வலிகள் எல்லாம் எட்டிப் பார்ப்பதாகவும் தோன்றும். அதைப் போக்க இன்னொரு கடும் பயிற்சியை நுழைக்கத் தூண்டும் எண்ணத்துக்கு இடம்கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் தூங்குங்கள். போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் சரியாக வராவிட்டால் பெரிய சேதமில்லை. அதற்கு முன்னுள்ள இரண்டு மூன்று இரவுகளின் தூக்கம்தான் கணக்கு.

போட்டி நாள்

புறப்பாட்டுக்கு இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு முன், பழகிய எளிய மாவுச்சத்து உணவைச் சிறிதளவு உண்ணுங்கள். கொழுப்பும் நார்ச்சத்தும் மிகுந்தவற்றைத் தவிர்த்தால் விலாப் பிடிப்புக்கான வாய்ப்பும் குறையும். காபி பழக்கம் உள்ளவர்கள் ஒரு மணி நேரத்துக்கு முன் குடிக்கலாம். காஃபீன் ஓட்டத்துக்கு உதவுவது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. பழக்கமில்லாதவர்கள் அன்று பரிசோதிக்க வேண்டாம். காலணியும் அப்படித்தான்: கார்பன் தகடு வைத்த காலணியை வாங்கியிருந்தால் இரண்டு மூன்று விரைவுப் பயிற்சிகளிலாவது அணிந்து ஓடியிருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டத்தில் வழியில் தண்ணீர் குடிக்கத் தேவையில்லை. முன்னதாகக் குடித்தது போதும்.

குறுகிய ஓட்டத்துக்கு உடலைச் சூடாக்குவது மாரத்தானைவிட அதிகம் தேவை என்பதைப் பலர் நம்புவதில்லை. ஆக்சிஜன் அமைப்பு முழு வீச்சுக்கு வரக் காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. புறப்படும்போதே அது விழித்திருக்க வேண்டும். 12 நிமிடம் மெதுவோட்டம், பிறகு கால்களை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தி ஓடுதல் போன்ற அசைவுகள். அதன் பின் இலக்கு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடுங்கள். கடைசியாக 80 மீட்டர் விரைவோட்டம் நான்கு. எல்லாம் முடிந்து புறப்பாட்டுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் மீதமிருக்கட்டும். அசையாமல் நின்று தசையை நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை அன்று விட்டுவிடுங்கள்.

வெயில் கடுமையாகவோ காற்று ஈரப்பதம் மிகுந்தோ இருந்தால் அன்று நேர இலக்கைக் கைவிட்டு உணர்வின்படி ஓடுங்கள். உடல் தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். தசைக்குக் கிடைப்பது குறையும். இதை மன உறுதியால் வெல்ல முடியாது.

கிலோமீட்டர் கிலோமீட்டராக

25:30-க்கான திட்டம் இது: 5:08, 5:07, 5:07, 5:07, 5:01.

முதல் கிலோமீட்டரில் பலர் உங்களைக் கடந்து போவார்கள். போகட்டும். கூட்டத்தில் முண்டி இடமும் வலமுமாக வளைந்து முந்துவதில் வீணாவது தொலைவும் ஆற்றலும்தான். முதல் 400 மீட்டரில் ஒரு முறை கடிகாரத்தைப் பாருங்கள். 2:00-க்குக் குறைவாக இருந்தால் உடனே அடக்குங்கள். ஜிபிஎஸ் கடிகாரம் காட்டும் அந்த நொடி வேகத்தை நம்பாதீர்கள், அது தாவிக்கொண்டே இருக்கும். கிலோமீட்டர் பலகைகளில் கையால் பொத்தானை அழுத்தி நேரம் எடுப்பதே மேல்.

இரண்டாவது கிலோமீட்டரில் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. வளைவுகளில் உள்பக்க ஓரத்தை ஒட்டி ஓடுங்கள். எதிர்க்காற்று இருந்தால் ஒருவர் பின்னால் ஒதுங்குங்கள்.

மூன்றாவதில் கனம் ஏறத் தொடங்கும். இதே முயற்சியில் ஓடினால் வேகம் குறையும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். வேகம் அப்படியே இருக்க வேண்டுமென்றால் முயற்சி கூட வேண்டும். முதலில் உங்களைக் கடந்தவர்களில் சிலர் இப்போது நெருங்கி வருவார்கள்.

நான்காவது கிலோமீட்டர் தொடங்கும்போது கடிகாரத்தை மறந்துவிட்டு, முன்னால் ஓடும் ஒருவரின் முதுகைத் தேர்ந்தெடுத்து மெல்ல மெல்ல எட்டிப் பிடியுங்கள். பிடித்ததும் அவரோடு தங்கிவிடாமல் அடுத்தவரைத் தேர்ந்தெடுங்கள். தோள் ஏறினால் கைகளை உதறுங்கள், மூச்சை நீட்டி விடுங்கள், அடியைச் சுருக்கி விரைவாக்குங்கள். மனம் 'கொஞ்சம் தளர்ந்துகொண்டு கடைசியில் பாயலாம்' என்று பேரம் பேசும். அந்தப் பேரத்துக்கு விலை இருபது வினாடி. நெஞ்சில் வலி, கண் இருட்டுதல், தள்ளாட்டம் வந்தால் மட்டும் உடனே நின்று உதவி கேளுங்கள். மூச்சிரைப்பும் கால் எரிச்சலும் இந்த ஓட்டத்தின் இயல்பு.

ஐந்தாவது கிலோமீட்டரின் முதல் பாதியில் அதே வேகம். கடைசி 400 மீட்டரில் கைகளை வேகமாக வீசுங்கள், கால்கள் பின்தொடரும். முடிவுக்கோட்டைத் தாண்டி ஐந்து மீட்டர் வரை ஓடுங்கள், கோட்டின் மேலேயே கடிகாரத்தை நிறுத்தக் குனிந்தால் ஒரு வினாடி போய்விடும்.

நேரத்தை உறுதிசெய்வதும் அடுத்த ஓட்டமும்

முடிவுப் பட்டியலில் இரண்டு நேரங்கள் இருக்கலாம். துப்பாக்கி ஒலித்ததிலிருந்து கணக்கிட்டது ஒன்று. நீங்கள் புறப்பாட்டுக் கோட்டைத் தாண்டியதிலிருந்து, போட்டியில் உங்களோடு வரும் சிப் எனும் சிறு மின்னணுக் கருவி கணக்கிட்டது மற்றொன்று. உங்கள் சொந்தச் சிறந்த நேரமாகச் சிப் நேரத்தையே எழுதிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கடிகாரம் 5.06 கிலோமீட்டர் என்று காட்டினால் பாதை நீளம் என்று குறைசொல்லத் தேவையில்லை. சான்றளிக்கப்பட்ட பாதைகள் மிகக் குறுகிய ஓடுவழியை ஒட்டி அளக்கப்படுகின்றன. தொலைவு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 0.1 சதவீதம், அதாவது 5 கிலோமீட்டருக்கு 5 மீட்டர், கூடுதலாகவே சேர்க்கப்படுகிறது. மீதி, நீங்கள் வளைவுகளில் வெளிப்பக்கம் போனதும் கருவியின் பிழையும். அதேபோல் கடிகாரம் 5 கிலோமீட்டர் என்று ஒலித்த இடத்தின் நேரத்தைச் சாதனையாக எழுதுவதும் சரியல்ல. கோட்டைத் தாண்டிய நேரம்தான் நேரம்.

அன்றே ஐந்து கிலோமீட்டர் நேரங்களையும் எழுதி, பழைய வரிசைக்குக் கீழே வையுங்கள். முதலாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே ஐந்து வினாடிக்குள் வித்தியாசம் என்றால், வேகப் பங்கீடு கைவந்துவிட்டது. இனி நேரம் குறைய மெதுவோட்டத் தொலைவைக் கூட்ட வேண்டும். நான்காவது இன்னும் பத்து வினாடிக்கு மேல் சரிந்திருந்தால், அடுத்த எட்டு வாரத்தில் சனிக்கிழமை ஓட்டங்களை 20 நிமிடம் இடைவிடாமல் ஓடும் அளவுக்கு நீட்டுங்கள். கடைசி 400 மீட்டரில் மிக எளிதாகப் பத்துப் பதினைந்து வினாடி முந்த முடிந்திருந்தால், நடுவில் ஒதுங்கி ஓடியிருக்கிறீர்கள். பயிற்சியை மாற்றாமல் மூன்று நான்கு வாரத்தில் இன்னொரு போட்டியில் இரண்டாவது கிலோமீட்டரிலிருந்தே இரண்டு வினாடி வேகமாக ஓடிப் பாருங்கள். எப்படியானாலும் முதல் ஒரு வாரம் மெதுவோட்டம் மட்டுமே.